எலக்ட்ரானை உதறாமல் வந்த பிளாட்டினம்

என் செல்லக் குரங்கே, கணேசா,

வலியசாலையில் மழை விடவே இல்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது; உன் வருஷாப்திகத்துக்கு அம்மா சாமான் வாங்கத் தொடங்கிவிட்டாள். கூடவே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்: "நம்ம கணேசன் புதுசா ஒரு அணுவைக் கண்டுபிடிச்சிருக்கான். அவன் பேரையே வெப்பா, கேட்டேளா!" ஐசோடோப்புக்கு எண் மட்டும்தான், பேர் கிடையாது என்று நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நானும் உன் துறைதானே, நீ பாதியில் விட்டுப்போன ஆய்வை உன் குழுவினர் என்னிடம்தான் கொடுத்தார்கள். யுரேனியத்தை மோதவிட்டு, சிதறிய கனமான அணுக்கருக்களில் நியூட்ரான் மிகுந்தவற்றை நீ பிரித்தெடுத்திருந்தாய். புதியவை என்று நீ குறித்ததெல்லாம் சரிதான், கடைசிப் பிளாட்டினத்தைத் தவிர. அதற்கு ஆதாரம் வரைபடத்தில் நாலே நாலு புள்ளி.

நம் தொழிலில் எல்லாரும் பயப்படுகிற தப்பு உனக்குத் தெரியாததா? எல்லா எலக்ட்ரானையும் உதறிவிட்டு வர வேண்டியதில் ஒன்றை மட்டும் உதறாமல் ஓடிவரும் பழைய பிளாட்டினம், மூன்று நியூட்ரான் கூடுதலான புதியதைப் போலவே தெரியும். அந்த நாலு அணுக்கருக்களும் வழியில் இழந்த ஆற்றலை மறுபடி சரிபார்த்தேன். மூன்று புள்ளிகள் அந்த வேஷக்காரர்கள். நாலாவதைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை. ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

குழுவிலிருக்கும் உன் சிநேகிதன் ஷாஜி போனில் அழாத குறை. "அது அங்ஙனே இருந்தோட்டே, சேச்சி, அப்படியே இருக்கட்டும். அவனுக்கு நாம வேற என்ன செய்ய முடியும்?" எனக்குக் கோபம் வந்தது, உன்மேல்தான். போகிற வயசாடா உனக்கு?

ஒன்று கேட்கட்டுமா? ஆஸ்பத்திரியில் நான் உள்ளே வந்ததும் மடிக்கணினியை மூடிவிடுவாயே, அது வலியாலா? இல்லை, உனக்கே சந்தேகம் வந்துவிட்டதா? கேட்டிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

கட்டுரையிலிருந்து அந்தப் பிளாட்டினத்தை எடுக்கப் போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த எள்ளுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அவன்கிட்டேருந்து இன்னும் எதைத்தாண்டி எடுக்கணும் உனக்கு?"

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கணேசா, இன்று அதை நீக்கிவிடுவேன். மற்றவற்றுக்கு உன் பெயர்தான் முதலில் வரும். நீ இருந்திருந்தால் இந்த நாலு புள்ளிக்காக நாம் மல்லுக்கு நின்றிருப்போம், கடைசியில் நீ தோற்றிருப்பாய். தோற்பதற்கு நீ இல்லை என்பதற்காக உன்னை நான் ஜெயிக்கவைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு இன்னும் சண்டை தீராத அக்கா,
மீனா