அத்தாயி என்றொரு டெஸ்ட்

பிப்ரவரி 3, 2025, திங்கள்
சூரமங்கலம் ஆபீஸில் இன்று 211 டெஸ்டும் பச்சை, எல்லாம் பாஸ். கணக்குத் திறப்பது, பாஸ்வேர்டு மாற்றுவது, கணக்கை மூடுவது எல்லாம் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜில் இருக்கிறது. எங்கள் மூன்று ஆப்களுக்கும் அதுதான். அதில் ஓட்டை விழுந்தால் மூன்றிலும் விழும். சோதிப்பது நான்.
டீம் லீடர் ஜெயபிரகாஷ் சார், "டெஸ்ட்டுதானுங்க, சட்டுனு முடிங்க. வெள்ளிக்கிழமை ரிலீஸ்" என்றார். அந்த 'தானுங்க' சுருக்கென்றது.

பிப்ரவரி 5, புதன்
வேலை முடிந்து எங்கள் ஊர் வெண்ணந்தூர் வந்து சேர்ந்தபோது, அம்மா, பக்கத்து வீட்டு அத்தாயி அக்காவுக்கு எங்கள் ஆபீஸின் நெசவாளர் ஆப்பில் கணக்குத் திறந்துகொண்டிருந்தாள். கொடுத்தது தன்னுடைய நம்பரை!
"அவளுக்கு ஏது போனு சாமி? என்ர நம்பருலயே ரெண்டு பேரும் இருந்துக்கறோம்."
சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. புது ரிலீஸில் கணக்கை மூடும்போது நம்பரை வைத்துத்தானே தேடுகிறோம்?

பிப்ரவரி 6
அம்மா பேரையும் அக்கா பேரையுமே வைத்துப் புது டெஸ்ட் எழுதினேன். கண்ணாத்தாள், அத்தாயி, ஒரே நம்பர். கண்ணாத்தாள் கணக்கை மூடினால் அத்தாயியையும் காணோம். சிவப்பு.
"ஒரு நம்பருல ரெண்டு பேரு எங்கீங்க இருக்காங்க? அத மட்டும் ஸ்கிப் பண்ணுங்க" என்றார் சார்.
"எங்க ஊட்லயே இருக்காங்க சார். ஸ்கிப் பண்ண மாட்டேனுங்க."
நானா பேசினேன்? வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது — வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை, முடியாது. அத்தாயி அக்கா நேற்று அம்மா போனில் எவ்வளவு ஆசையாகத் தன் பேரைப் பார்த்தார்.

பிப்ரவரி 7
சார் ஆப்பில் பதிந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கு மேற்பட்டோர் பகிரும் நம்பர்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு.
"ரிலீஸ நிறுத்திரலாங்க. நல்லவேளை, நீங்க விடல."
ஊர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

பிப்ரவரி 20
திருத்தியாயிற்று. 212-ம் பச்சை. ரிலீஸ் குறிப்பில் 'கண்டுபிடித்தவர்: அறிவுச்செல்வி'. என் பேரை மூன்று முறை படித்தேன். பெருமையாக இருக்கிறது. என் நோட்டில் நான் எழுதிக்கொண்டால் யார் கேட்பது?

ஜூலை 9
அந்த 212-ம் டெஸ்டுக்கு 'அத்தாயி' என்றே பேர் நின்றுவிட்டது. இப்போது ரிலீஸுக்கு முன் ஆபீஸே கேட்கிறது: "அத்தாயி என்னங்க சொல்லுது?"
அக்காவிடம் சொன்னேன். "நானு அங்க என்ன சாமி பண்றேன்?"
"காவல் இருக்கறீங்கக்கா."

அக்டோபர் 14
சோதிப்பதோடு நில்லாமல், பேக்கேஜுக்கு நானே புரோகிராம் எழுதிய முதல் நாள். அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டேன். சிவப்பு. நிறுத்தியது அத்தாயி. சிரித்துக்கொண்டே திருத்த உட்கார்ந்தேன்.