அப்பா கடிதத்துக்கு அருஞ்சொற்பொருள்

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் நலம்தானே என்று தொடங்கத்தான் பேனா ஓடுகிறது, ஆனால் இனிமேல் அந்த வரியை எழுத முடியாதபடி செய்துவிட்டாய். சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது, அதை என் வழக்கப்படி மழுப்பவும் வழியில்லை. எல்லாம் என் பிறந்தநாளுக்கென்று நீ பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து அனுப்பிய நையாண்டி இதழ்களால் வந்தது. என்னைவிட வயதில் மூத்தவை, தொட்டால் உதிர்கின்றன. எழுத்து வேறு பொடிப்பொடியாக இருக்கிறதென்று, நம் மூக்குக் கண்ணாடிக் கடையை மூடிய பிறகு உன் அம்மாதான் படித்துக் காட்டுகிறாள், அதுவும் செய்தி வாசிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. வழுக்கைக்கு ஓர் எண்ணெய், தடவுகிற உள்ளங்கையில் முடி முளைத்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று ஒரு கேலி விளம்பரம். அதை அப்படியே நம்பி, இப்பவும் கிடைக்குதான்னு விசாரிங்களேன் என்று என் தலையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து எனக்கு இருமல் வந்து, அவளுக்குக் கோபம் வந்து, அன்றைய வாசிப்பு அதோடு நின்றது.

மறுநாள் ஒரு பக்கத்தைப் பாதி வாசித்தவள் நிறுத்திவிட்டு, இதை எப்ப எழுதினீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று கேட்டாள். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஓர் அப்பா எழுதுவது போல யாரோ செய்த கேலிக் கடிதம் அது. குடை எடுத்துப் போ, பச்சைத் தண்ணீரில் தலை குளிக்காதே, ராத்திரி கண் விழிக்காதே, எல்லாம் என் வரிகள், நான் பிறப்பதற்கு முன்பே அச்சாகியிருக்கின்றன. போதாததற்கு ஓரத்தில் பென்சிலால் 'எங்கப்பா!' என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். கடிதத்துக்குக் கீழே பாடப்புத்தகம் போல அச்சிலேயே அருஞ்சொற்பொருள் வேறு. 'அனைவரும் நலம்' என்றால் வீட்டில் ஒருவருக்காவது உடம்பு சரியில்லை. 'அம்மா கேட்கச் சொன்னாள்' என்றால் அப்பாவுக்குத்தான் தெரிய வேண்டும். 'சிரமப்பட்டு வர வேண்டாம்' என்றால் உடனே கிளம்பி வா. விஷயம் புரிந்ததும் உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முதலில் சுருக்கென்றது, பிறகு நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது.

அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எழுத்து ஒன்றும் பொடியாக இல்லை, என் கண்ணில்தான் புரை. போன வாரம் கடைக்கு வந்த தலைமை ஆசிரியருக்கு அவர் மனைவிக்காகச் செய்து வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவரோ, இதுலதான் பளிச்சுன்னு தெரியுது என்று பூப்போட்ட பிரேமோடு கிளம்பிவிட்டார், அந்த அம்மாள்தான் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் முதல் வாரம் ஆபரேஷன். சின்ன வேலைதான், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் டாக்டர். ஊரில் இத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டியவன், என் கண்ணில் கத்தி என்றதும் பயந்துபோனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பயம் பயம்தான். கட்டு அவிழ்க்கும்போது யாரை முதல்ல பாக்கணும் என்று உன் அம்மா கேட்டாள். நர்ஸைத்தான் பார்க்க முடியும் என்று சொல்லி வைத்தேன். அது பொய்.

அந்த வாரம் உனக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு, குடை எடுத்துப் போ, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். தீர்க்காயுசாக, இதே வாலாகவே இரு என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. உனக்கு அங்கே வேலை அதிகம். சிரமப்பட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கப்பா!