நாழிகைக்காரனின் கடைசித் தாள்

பங்காளி,

இந்தக் கையெழுத்தைப் பார்த்து நீ முகம் சுளித்தால் அது நியாயம்தான். மழை பெய்து காய்ந்த செம்மண் பாதையில் ஜட்கா போன தடம் மாதிரி வரி ஏறி இறங்கிப் போகிறது. முப்பது வருஷம் கடிவாளம் பிடித்த கை, பென்சிலையும் அப்படியே இழுத்துப் பிடிக்கிறது, முனை உடைந்துபோகிறது. இந்த நாலைந்து வரிக்கே ஒரு மத்தியானம் போய்விட்டது. பொறுத்துக்கொள். ஆனால் ஒன்றைக் கவனி. இதை எனக்காக வேறு யாரும் எழுதித் தரவில்லை. அறுபத்தாறு வயதில் நானே எழுதுகிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும், அது நான் நினைத்ததையேதான் சொல்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன். சொல்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை உன் புத்தகத்தின் மேலட்டை பிரிந்தது. பழைய காலண்டர் தாளில் நீ போட்டுக் கொடுத்த அட்டை. மூலையில் விரல் பட்டதும் பசை பொரிந்து உதிர்ந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாவில் மயில்துத்தம் கலந்து நீ காய்ச்சும் பசை. பத்து வருஷம் ஆகியும் அதே கசப்பு வாசனை. பே கோபுரத் தெருவில் இருந்த உன் பழைய பேப்பர் கடைக்குள் தலையை நுழைத்த மாதிரி இருந்தது. பிரிந்த அட்டைக்கு அடியில் ஒன்று இருந்தது. அது என்ன என்று இப்போதே சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் கதையை நிறுத்தவேண்டும் என்று காட்டியவன் நீதான்.

பகல் பன்னிரண்டுக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் சவாரி கிடைக்காது. நீ கடையைச் சாத்திவிட்டு, அக்குளில் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தோடு வந்து என் ஜட்காவில் ஏறிக்கொள்வாய். என் குதிரை செவலை, கழுத்தில் கொள்ளுப் பையை மாட்டிக்கொண்டு மென்றபடி நிற்கும். நீ படிப்பாய், நான் படம் பார்ப்பேன். எடைக்கு வரும் காகிதக் கட்டில் எந்தப் புத்தகம் அகப்பட்டதோ அதுதான் அன்றைய கதை. அதனால் நமக்குப் பிடித்த நாழிகைக்காரன் கதை வரிசையாக வரவில்லை. ஒன்பதாவது புத்தகம் முதலில் வந்தது. நாலாவது ஆடி மாதம் வந்தது. இரண்டாவது வரவே இல்லை.

"இன்னா பங்காளி, போன வாரம் செத்துப்போன ராஜா இந்த வாரம் கல்யாணம் கட்டிக்கினு இருக்கறான்?" என்று கேட்டேன்.

"காலத்துல முன்னாடியும் பின்னாடியும் போறவன் கதை முன்னாடியும் பின்னாடியுமாத்தான் வரும். கம்முனு கேளு."

நாழிகைக்காரனுக்கு நீலப் போர்வை, மார்பில் மணல் கடிகாரம். எந்த நூற்றாண்டுக்குப் போனாலும் அவன் தலைமுடி மட்டும் கலையாது. பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் தன் திட்டத்தை உரக்கச் சொல்லுவான். எதிரி சுவருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். மேலே மஞ்சள் கட்டத்தில் 'முந்நூறு ஆண்டுகளுக்கு முன்' என்று போட்டிருந்தால் வேட்டியும் கத்தியும் வரும். வெள்ளைக் கட்டம் வந்தால் மோட்டார் வரும். எழுத்து தெரியாத எனக்கு அந்த நிறங்கள்தான் நாளும் கிழமையும்.

எல்லாப் புத்தகத்திலும் மாறாத சட்டம் ஒன்று உண்டு. கிளம்புவதற்கு முன் அவன் ஒரு செப்புக் காசை இரண்டாக உடைப்பான். ஒரு பாதி அவன் மடியில். மறு பாதி, கடிகாரம் ரிப்பேர் செய்கிற அவன் கூட்டாளியின் கையில். கூட்டாளி நின்ற இடத்தை விட்டு நகராதவரை இவன் எங்கே மாட்டிக்கொண்டாலும் வந்துவிடலாம். கூட்டாளி நகர்ந்தால் வழி தப்பிவிடும்.

"கூட்டாளிக்கு ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்ணுவான்?"

"படத்துல இருக்கறவனுக்கு அதெல்லாம் வராது. உனக்கு வந்தா போயிட்டு வா. நான் நிறுத்தி வெக்கிறேன்."

இன்னொரு சட்டமும் சொன்னாய். எதிரி மலையிலிருந்து விழுவான், கடலில் மூழ்குவான்; நான் செத்தான் என்பேன். நீ விரலை ஆட்டுவாய். "உடம்ப காட்டனானா? காட்டல இல்ல? காட்டலன்னா சாவலன்னு அர்த்தம்."

ஒரு தடவை நாழிகைக்காரன் பாழுங்கிணற்றில் தலைகீழாகத் தொங்கும்போது புத்தகம் முடிந்துபோனது. அடுத்தது கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் கிரிவலப் பாதையில் எந்தக் கிணற்றைக் கடந்தாலும் நான் இறங்கி எட்டிப் பார்த்தேன். சவாரிக்கு வந்தவர்கள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்கள். அடி அண்ணாமலையில் ஒரு அம்மா, "குதிரைக்கா பாக்கற? அதுல தண்ணி வத்தி எத்தினியோ நாளாச்சி," என்றாள். ஆள் இருக்கிறானா என்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

நீ எழுத்து சொல்லித் தருகிறேன் என்று மூன்று தடவை கேட்டாய். "நீ இருக்கசொல்ல எனக்கு எதுக்கு?" என்றேன். "நான் செத்தா?" என்றாய். "நீ சாவசொல்ல பாத்துக்கலாம்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். செவலைகூடத் தும்மியது.

பிறகு உன் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. வேலூருக்குப் போய் அறுத்துக்கொள்ளவேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு உன்னையும் அண்ணியையும் என் வண்டியில்தான் கொண்டுவந்தேன். அன்றுதான் காலண்டர் தாளில் அட்டை போட்ட இந்தப் புத்தகத்தை என் மடியில் வைத்தாய். நாழிகைக்காரன் கதையில் இதுதான் கடைசிப் புத்தகம், இதற்கு மேல் போடவில்லையாம் என்றாய். கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாய். தாள் கிழிக்கப்பட்டு ஓரம் மட்டும் பல் மாதிரி நின்றது.

"அந்தத் தாளு என்கிட்ட," என்று சட்டைப் பையைத் தட்டினாய். உள்ளே காகிதம் மொடமொடத்தது. "மீதி உங்கிட்ட. நான் வந்து படிச்சிக் காட்டறவரைக்கும் வேற எவன்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லாத."

"முடிவ மட்டும் சொல்லிட்டுப் போ. அவன் வந்துடறானா?"

பஸ்ஸில் ஒரு காலை வைத்த பிறகு திரும்பினாய். "வந்துடறான்," என்றாய்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் நான் எழுத்தே கற்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

வேலூர் பஸ் ஒரு நாளைக்கு எத்தனை வருமோ அத்தனைக்கும் நான் ஸ்டாண்டில் நின்றேன். அந்த நேரத்தில் வந்த சவாரியை அடுத்த வண்டிக்குத் தள்ளிவிட்டேன். மற்ற ஜட்காக்காரர்கள், "வேலூர் பஸ்ல இவனுக்குப் பொண்ணு வருதுடா," என்று கேலி பேசினார்கள். ஐந்தாம் நாள் கண்டக்டர் இறங்கி வந்து அண்ணி சொல்லி அனுப்பியதைச் சொன்னான். "உன் கூட்டாளி உன்னப் பாக்கணும்றாராம். ஏறு, டிக்கெட்டு நான் பாத்துக்கறேன்."

நான் ஏறவில்லை. "இங்கியேதான் இருக்கறேன்னு சொல்லு. ஸ்டாண்ட விட்டு நவரலன்னு சொல்லு," என்றேன்.

"ஏம்பா, மூணு மணி நேரம். பாத்துட்டு சாய்ங்காலமே வந்துடலாம்."

"நவரக்கூடாதுப்பா."

ஏன் என்று கேட்டான். படக்கதையில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று ஐம்பத்தாறு வயது ஆள் எப்படிச் சொல்வான்? தலையைக் குனிந்துகொண்டேன். நாலு நாள் கழித்து மறுபடியும் சொல்லி அனுப்பினீர்கள். மறுபடியும் அதே பதில். இரண்டாவது தடவை கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அவன் உன்னிடம் போய் என்ன சொல்லியிருப்பான்? 'நவரலையாம்' என்று சொல்லியிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். 'வரமாட்டேன்றான்' என்று சொல்லியிருந்தால்?

உன்னை அங்கிருந்தே ஆரணிப் பக்கம் உன் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி கடையைக் காலிசெய்ய வந்தபோது ஒன்றுதான் சொன்னார்கள். "யாரு உள்ள வந்தாலும் நீங்களான்னு பாத்தாரு." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. சட்டைப் பையில் ஒரு தாள் இருந்ததா என்று கேட்டேன். ஆஸ்பத்திரி சீட்டுதான் இருந்தது என்றார்கள்.

உன் உடம்பை நான் பார்க்கவில்லை, பங்காளி. அதனால் இன்னும் கொஞ்ச நாள் வேலூர் பஸ்ஸுக்கு நின்றேன்.

பிறகு செவலை போயிற்று. ஆட்டோ வந்தது. இப்போது கோபுர வாசலில் செருப்புக் காக்கிறேன். எண் வில்லை கொடுக்கிற வேலை. எண்தான் எனக்கு முன்பே தெரியுமே. புத்தகத்தை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. படம் மட்டும் பார்ப்பேன். அதிலும் ஒரு வேடிக்கை. நான் கட்டங்களை மேலிருந்து கீழாகவே பார்த்துவந்திருக்கிறேன். இடப்பக்கம் முழுக்க இறங்கி, பிறகு வலப்பக்கத்து உச்சிக்குப் போய் மறுபடி இறங்கி. அப்படிப் பார்த்தால் எட்டாம் பக்கத்தில் அம்பு பட்டு விழுந்த குதிரை எழுந்து தண்ணீர் குடிக்கும். கடைசிக்கு முந்தின பக்கத்தில் கடிகாரம் முதலில் உடையும், பிறகு முழுசாகி அவன் மார்பில் இருக்கும். எனக்கு அது தப்பாகவே படவில்லை. காலம் அவனுக்கு முன்னும் பின்னும் போகும் என்று சொன்னவன் நீ.

இரண்டு வருஷத்துக்கு முன் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சரம்மா பலகையில் கோலை வைத்து இடமிருந்து வலமாக இழுத்துக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். சரியான வரிசையில் அந்தக் குதிரை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விழுகிறது. கடிகாரம் முழுசாக இருந்துதான் உடைகிறது.

அப்புறம் எழுத்துக்கூட்டிப் படிக்கவே பயம் வந்தது. வாரத்துக்கு ஒரு பக்கம் படித்தேன். கிழிந்த இடத்துக்கு வந்து நின்றபோதுதான், முன்னட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க உன் காலண்டர் தாளை நெம்பினேன்.

அடியில் கிழித்த தாள் இருந்தது. நாலாக மடித்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டியிருந்தாய். அது வேலூருக்குப் போகவே இல்லை. இரண்டு பாதியும் பத்து வருஷமாக என்னிடமே இருந்திருக்கின்றன.

கடைசிக் கட்டத்தில் நாழிகைக்காரன் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். மஞ்சள் கட்டம். 'அவன் திரும்பவில்லை' என்று அச்சில் இருக்கிறது. தலைமுடி கலைந்திருக்கிறது. கீழே வெற்றிடத்தில் உன் பென்சில் எழுத்து. மங்கி, பசைக் கறைக்குள் பாதி போய்விட்டது. டீச்சரம்மா, "குடுங்க ஐயா, படிச்சி சொல்றேன்," என்றார்கள். கொடுக்கவில்லை. நீ கொடுக்காதே என்று சொன்னதுதானே. மூன்று நாள் ஜன்னலோரம் வைத்து எழுத்தெழுத்தாகப் பிடித்தேன். 'ஏன் வரவில்லை' என்று இருக்குமோ என்று ஒரே படபடப்பு. போவதற்கு முன் எழுதியதில் அப்படி இருக்க முடியாது என்று புத்திக்குத் தெரியும், பயத்துக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அவசரக்காரனான நீ, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, அச்சு மாதிரி, பெரிதாக எழுதியிருக்கிறாய். புதிதாகப் படிக்கிறவனுக்கென்று எழுதிய எழுத்து.

'பங்காளி, வந்துடறான்னு சொன்னது பொய். நீ படிக்கக் கத்துக்கினதும் என்னத் திட்டு.'

மறுநாள் கோபுர வாசலில் உட்கார்ந்து அதை நினைத்து நான் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குச் செருப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

சரி, திட்டுகிறேன். அட மடையா. தாள் உன்னிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த பஸ்ஸிலேயே ஏறியிருப்பேனே. நீ சொன்ன சட்டத்தை உன்னைவிட நான் அதிகமாக நம்புவேன் என்று உனக்குத் தெரியாதா? பொய் சொல்கிறவன் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டாமா? நான் வரமாட்டேன் என்று நிற்கவில்லை. நீ வழி தப்பக்கூடாது என்று நின்றேன். இதைக் கண்டக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உன்னிடம் சொல்ல வெட்கமில்லை, எழுதிவிட்டேன், படித்துக்கொள்.

தாளை இப்போது என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தட்டினால் மொடமொடக்கிறது. இனி நான் எங்கு வேண்டுமானாலும் நகரலாம். ஒரு நாள் வேலூர் பஸ்ஸில் ஏறிப் போய், அந்த ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுகூட இருக்கிறது.

இந்த வாரத்துக்கு என் கைக்கு இவ்வளவு வசவுதான் எழுத வந்தது. செவலைக்குக் கொள்ளுக்குப் பதில் உன் கடைக் காகிதத்தைத் தின்னக் கொடுத்தாயே, அதற்கான திட்டு பாக்கி இருக்கிறது. அதில் கஷ்டமான எழுத்துகள் நிறைய வருகின்றன. எழுதிப் பழகி, அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

உன் பங்காளி
முனுசாமி