அறுபத்திரண்டாம் பக்கம்

அன்புள்ள அப்பா,

தேர்வு நன்றாக எழுதியிருக்கிறேன். வில்னியஸில் குளிர் இன்னும் விடவில்லை.

நம் ஊர் நூலகத்தில் எடுத்த, போர்க்காலத்தில் உயிர் தப்பிய யூதரான டோபா அம்மாளின் நினைவுப் புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கம் இல்லை என்றேனே, "எலி கடிச்சிருக்கும்மா, விடு" என்றீர்கள். எலி பிளேடு வைத்ததுபோல் நேராகவா கடிக்கும்? நூலக அட்டைப்படி எனக்கு முன் அதை எடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். யூதர்களைத் தாத்தா ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுத்திருப்பார், அதைத்தான் மறைக்கிறீர்கள் என்று சந்தேகப்பட்டேன்.

இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த இன்னொரு பிரதியில் அந்தப் பக்கம் கிடைத்தது. டோபாவையும் அவர் தம்பியையும் தாத்தா பதினொரு நாள் வைக்கோல் பரணில் ஒளித்துவைத்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் வந்த போலீஸ்காரர் வீட்டுப் பையனுக்கு மிட்டாய் கொடுத்து, "வீட்டுல எத்தனை பேருடா?" என்று கேட்டிருக்கிறார். ஆறு வயதுப் பையன் விரல்விட்டு எண்ணி, "பரண்ல இருக்கற ரெண்டு பேரையும் சேர்த்து ஏழு" என்றானாம்.

தம்பியைக் கொன்றுவிட்டார்கள்; டோபா மட்டும் தப்பியிருக்கிறார். தாத்தாவை வாசலிலேயே சுட்டிருக்கிறார்கள். காய்ச்சலில் போனார் என்றுதானே எனக்குச் சொன்னீர்கள்? அவருக்கு ஒரே மகன்தான், அப்பா.

நேற்று டோபா அம்மாள் இங்கே பேச வந்திருந்தார். யார் வீட்டுப் பெண் என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பையன் இருக்கானா?" என்றார்.

"இருக்காரு."

"அவனை நான் பார்க்கணும்."

எதற்கு என்று சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் அழைத்துவருகிறேன். எங்கும் போய்விடாதீர்கள்.

உங்கள் மகள்