வைரவருக்குப் பிளாஸ்டிக் தோரணம்

அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்ததும் மஞ்சள் மணமும் பிளாஸ்டிக் மணமும் சேர்ந்து வந்தன. உன் தோரணம். மாவிலைகளின் பச்சை வெளுத்துவிட்டது. தொட்டதும் இரண்டு இலைகள் உடைந்து கையோடு வந்தன. நீ கண்மூடிய பிறகு வரும் முதல் பொங்கல் இது. வைரவருக்கு எதைக் கட்டுவதென்று தெரியாமல் நிலத்தில் குந்திவிட்டேன்.

போர் முடிந்து மீளக் குடியேறிய வருடம் நினைவிருக்கிறதா? வட்டக்கச்சியில் நம் இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவே, பாலை மரத்தடியில் வைரவரின் சூலம் மட்டும் மிஞ்சியிருந்தது. தென்னைகள் தலையில்லாமல் நின்றன. வேலியோரம் தானாக முளைத்திருந்த ஒரேயொரு தென்னம்பிள்ளையின் குருத்தைத் தோரணத்துக்கு வெட்டக் கத்தியோடு போனேன். நீ ஓடி வந்து கையைப் பிடித்தாய்.

"வேணாங்க்கா. இப்பதான் உசுரு புடிச்சி வருது. அதோட குருத்த வெட்டி எந்தச் சாமிக்குக் கட்டப் போறீங்க?"

மறுநாள் கிளிநொச்சிக் கடையிலிருந்து பிளாஸ்டிக் தோரணத்தோடு வந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வைரவருக்குப் பிளாஸ்டிக்கோ? உனக்கென்ன விசரே? தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த சனத்துக்கு எங்கட முறை என்ன தெரியும்?"

அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நீயோ மஞ்சள் தண்ணீரில் அதைக் கழுவி மடியில் வைத்து, பூப்பறிக்க முன் செடியிடம் கேட்பதுபோலவே அதனிடமும் கேட்டாய்.

"எங்கேருந்தோ வந்திருக்க. எங்களுக்காகக் கொஞ்ச நேரம் தொங்குறியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் அதோடு போயிற்று.

பொங்கல் முடிந்ததும் நான் அதைக் குப்பையோடு சேர்த்து எரிக்கப் போனேன். அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது. "ஓலைன்னா மண்ணு வாங்கிக்கும். இத மண்ணும் வாங்காது. நம்ம வேலைக்குக் கூப்பிட்டோம், நம்மதான் வச்சிக் காப்பாத்தணும்." பிறகு ஒவ்வொரு வருடமும் கழுவினாய், காயவைத்தாய், மடித்துவைத்தாய். நோயில் படுத்த பிறகுதான் பெட்டியை என்னிடம் தந்தாய்.

அந்தத் தென்னம்பிள்ளை இப்போது கூரைக்கு மேலே காய்த்து நிற்கிறது. இன்று காலை அதனடியில் போய் நின்றேன். யாரும் பார்க்கிறார்களோ என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மரத்தில் கைவைத்து, "ஒரு ஓலை தாறியோ?" என்று கேட்டேன். கேட்டதும் உடனே வெட்டக்கூடாது என்பாயே, அதனால் பொறுத்திருந்தேன். ஒரு காற்று வந்து போனது. பிறகு என் வீட்டுக்காரர் ஏறி ஒரேயொரு குருத்தோலையை இறக்கித் தந்தார். சூலத்தைச் சுற்றிக் கட்ட அது தாராளமாகப் போதும்.

பின்னேரம் உன் தோரணத்தைக் கழுவிக் காயவைத்தேன். மடிக்கும்போது வாய் தானாகவே பேசியது.

"நீ தொங்கின படியால்தான் அந்த மரம் நிக்குது. இவ்வளவு காலம் தொங்கினது காணும், இனி ஆறி இரு."

உடைந்த இரண்டு இலைகளையும் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்தேன். எனக்குப் பிறகும் இது இருக்கும். யாரிடம் ஒப்படைப்பதென்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.