தும்மல் பொடிப் பொட்டலங்களை அஞ்சலகத்திலேயே நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
விளம்பரப் பகுதி ஊழியர்,
பிராண்ட்லி வேடிக்கைப் பொருள் நிறுவனம்,
சாண்டஸ்கி, ஓஹையோ.

பெறுநர்:
அஞ்சல் ஆய்வாளர் அவர்கள்,
கிளீவ்லாந்து.

பொருள்: சிறுவர்களுக்குத் தபாலில் போகும் தும்மல் பொடியைத் தடுத்து நிறுத்துதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனியும் இருந்தால் ஏதோ ஒரு பிள்ளை செத்துப்போகும் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

2. ஆர்வில் பிராண்ட்லி இந்நிறுவனத்தை நாடெங்கும் வேலையில்லாதிருந்த காலத்தில் ஒரு முடிதிருத்தும் கடையின் பின்னறையில் தொடங்கினார். வெடிக்கும் சுருட்டு, உட்கார்ந்தால் அசிங்கமாகச் சத்தமிடும் ரப்பர் பை, டப்பாவிலிருந்து பாயும் துணிப்பாம்பு. சிறுவர் பத்திரிகைகளின் கடைசிப் பக்க விளம்பரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். போர் முடிந்த ஆண்டு நான் சேர்ந்தேன். இலத்தீனும் கிரேக்கமும் படித்தவன். விலைப்பட்டியலை எழுதுவது நான். மேலாளர் பதவி பிராண்ட்லியின் தங்கை மகன் டுவைட்டுக்குப் போனது. எனக்குப் ‘புரொபசர்’ என்ற கேலிப்பெயர் கிடைத்தது. எனக்கு மனக்கசப்பு உண்டு. மறைக்கவில்லை. பொடி விஷயம் வேறு.

3. முன்பெல்லாம் தும்மல் பொடி என்பது அரைத்த மிளகு. இந்தக் கோடையில் டுவைட், மூடப்பட்ட சாயத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து சாம்பல் நிறத் தூளை மலிவாக வாங்கிவந்தார். அதைப் பொட்டலம் கட்டும் பெண்களில் இருவர் இருமல் நிற்காமல் வேலையை விட்டுவிட்டனர். விளம்பரத்திலுள்ள ‘தீங்கற்றது’ என்ற சொல்லையாவது நீக்கலாம் என்றேன். “அதப் போடலேன்னா எந்த அம்மா, புரொபசர், காசு குடுப்பா?” என்றார் டுவைட்.

4. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர்போல் தொலைபேசியில் அழுது ஒருவரையொருவர் ஏமாற்றுவார்கள்; நன்றாக அழுதவருக்கு ஆண்டு விருந்தில் பரிசுக் கோப்பையும் உண்டு. இந்தச் செவ்வாய்க்கிழமை அயோவாவிலிருந்து ஒரு தாய் கூப்பிட்டார். “எம் புள்ள மூச்சுவிட முடியாம ஆஸ்பத்திரியில கெடக்கான். அந்தப் பொடியில என்ன இருக்குன்னு டாக்டர் கேக்குறாரு” என்றார். ரிசீவரைத் திரு. பிராண்ட்லியிடம் கொடுத்தேன். அவர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். “யாரு, டொலீடோ கஸ்ஸோட சம்சாரமா? போன வருசத்தவிட நல்லாவே அழுவுறியேம்மா” என்றார். கஸ் என்பவர் டொலீடோ நகரிலுள்ள எங்கள் போட்டிக் கடைக்காரர். டுவைட் கைதட்டினார். மறுமுனையிலிருந்து, “ஐயா, என்னை யாருன்னு நெனச்சுப் பேசுறீங்க?” என்ற குரல் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. திரு. பிராண்ட்லி சிரித்தபடி ரிசீவரை வைத்துவிட்டார்.

மாலையில் கஸ்ஸையே கேட்டேன். தன் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை என்றார். அதைத் திரு. பிராண்ட்லியிடம் சொன்னேன். “அவன் வேற என்னய்யா சொல்வான்? அதுதானே வெளையாட்டே” என்றார்.

5. இம்மாத இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான பொடிக் கட்டுகள் வரும் திங்கட்கிழமை காலை சாண்டஸ்கி அஞ்சலகத்துக்கு வருகின்றன. சோதிக்கும்வரை ஒன்றைக்கூட வெளியே விட வேண்டாம். பிரிப்பவர் முகத்தை மூடிக்கொள்ளட்டும். அந்தத் தாயின் பெயரைக் கேட்பதற்குள் ரிசீவர் கைமாறிவிட்டது. அயோவா மருத்துவமனைகளில் விசாரித்து, அது சாயத் தூள் என்று அந்த மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். இதை மட்டும் இன்றே செய்யுங்கள்.

இடம்: சாண்டஸ்கி
நாள்: 10 அக்டோபர் 1957

கையொப்பம்: பெயரிட்டால், விசாரிக்க நிறுவனத்துக்குத்தான் தொலைபேசுவீர்கள். “நம்ம புரொபசரா? நல்லா எழுதுவான் சார்” என்று திரு. பிராண்ட்லி சிரிப்பார், நீங்களும் சிரித்துவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன். நான் யாரென்று கண்டுபிடிப்பது எளிது. அதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு செய்யுங்கள். இந்த இடத்தை வெறுமையாக விட்டே தபாலில் சேர்க்கிறேன்.