ஐந்தருவி நாலாம் கட்டில்

மேலகரம்,
ரௌத்திரி வருஷம் ஆடி 9.

சிரஞ்சீவி பரமசிவனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் க்ஷேமம். இந்த வார்த்தையை வழக்கத்துக்காக எழுதவில்லை, மூச்சை இழுத்து விட்டுச் சரிபார்த்தே எழுதுகிறேன். நீயும் ரங்கூனில் அப்படியே பார்த்துவிட்டுப் பதில் எழுதவும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஊரைத் துடைத்த விஷக் காய்ச்சல் இந்த ஆனியில் குற்றாலத்துச் சாரலோடு மறுபடியும் வந்தது. சாரலுக்கு வருகிறவர்கள் பத்து நாளில் திரும்பிவிடுவார்கள், இது என் நெஞ்சில் ஜாகை போட்டுவிட்டது. மூன்றாம் நாள் வண்டி கட்டித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் எல்லாரிடமும் முதலில் கேட்டது, முன்னமே நெஞ்சில் இளைப்பு, அதாவது மூச்சிரைப்பு, உண்டா என்பதுதான். உண்டு என்றவர்களை வாசலை ஒட்டிய ஐந்து கட்டில்களில் போட்டார்கள். ஐந்து நெஞ்சும் சேர்ந்து இரைந்ததால் அந்த வரிசைக்கு ஐந்தருவி என்று பெயர் வைத்தவர் கடையநல்லூர் நெசவுக்காரர் பரீது, தாமே அதில் மூன்றாம் அருவி. வாசலருகே போட்டிருப்பது தூக்கிக்கொண்டு போக வசதிக்காக என்று நான் அனுமானித்தேன். இவ்வளவு படித்தவனின் அனுமானம் தப்புமா? ஆகவே, இளைப்பா, என்னைப் பார்த்தால் இளைத்தவன் மாதிரியா இருக்கிறது என்று டாக்டரிடம் தொந்தியைத் தடவிக் காட்டினேன். அவரும் சிரித்து, இல்லை என்று எழுதி, உள்ளே கடைசிக் கட்டிலைக் கொடுத்தார். சுவரைப் பார்த்தபடி என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு கிடந்தேன். மறுநாள் என் உதடு நீலம் பாய்ந்தது, அதைப் பார்க்கத்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

கஞ்சி கொண்டுவந்த உன் அம்மா தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டரையா, இவுக பேச்ச நம்பாதிய, முப்பது வருசமா நெஞ்சுக்குள்ள சங்கு ஊதுதாக, இங்கன வந்து இல்லேன்னு சொல்லுதாகளே" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி போட்டு உடைத்தாள். உடனே என்னை நாலாம் கட்டிலுக்கு மாற்றினார்கள். "வாங்க அண்ணாச்சி, நாலாம் அருவி காலையிலதான் நின்னு போச்சு, வந்து விழுங்க" என்று பரீது வரவேற்றார். அங்கே தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது, காற்று நேரே மூக்கில் வந்தது, போகிறவன் வருகிறவன் எல்லாம் மூச்சைக் கவனித்தான். வாசலின் காரணம் இவ்வளவுதான். ஆனாலும் பன்னிரண்டு நாளில் அந்த ஐந்து கட்டிலில் படுத்த ஒன்பது பேரில் நாலு பேர் போனார்கள், உள்ளே இருந்த இருபது பேரில் ஒருவர்தான். பரீது பிழைத்து ஊருக்குப் போய்விட்டார். காய்ச்சல் எல்லாருக்கும் ஒன்றுதான், பழுதுபட்ட நெஞ்சில் அது இறங்கும் வேகமே வேறு, அதனால்தான் முதலிலேயே கேட்கிறோம், இன்னும் அரை நாள் சுவரைப் பார்த்துக் கிடந்திருந்தால் நீரும் போயிருப்பீர் என்றார் டாக்டர்.

இனி உன் விஷயம். அங்கேயும் காய்ச்சல் பரவுகிறது என்றும், கம்பெனி டாக்டரிடம் இளைப்பு இல்லை என்று சொல்லிச் சமாளித்தாய் என்றும் பெருமையாக எழுதியிருந்தாய். உன் நெஞ்சு என் நெஞ்சின் நகல், பொய்யும் என் பொய்யின் நகல். நாளைக்கே போய் உண்டு என்று சொல். வேலை போனால் கப்பலேறி வா, இங்கே சோற்றுக்குக் குறைவில்லை. பச்சைத் தண்ணீரில் தலைமுழுகாதே. குற்றாலநாதர் உன் மூச்சுக்குத் துணையிருப்பார்.

சொல்லிவிட்டதாக உன் பதில் வராவிட்டால் அடுத்த கப்பலில் உன் அம்மா வந்து உன் துரை முன்னாலேயே சொல்லுவாள். தூக்குச் சட்டியை இப்போதே துலக்கி வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
நாலாம் அருவியிலிருந்து கரையேறிய உன் அப்பா
சுந்தரபாண்டியன்